என் காசை எனக்கே வட்டிக்குத் தந்த கார்ட்

திவாலானால் பாங்க்ரப்சி அடித்தது என்றுதான் எங்கள் ஆட்கள் சொல்வார்கள். லொத்தர் அடித்தது மாதிரி. ஒரு கலியாண ஹோலில் தூரத்துச் சொந்தமான ஒரு அண்ணை கையில் வடைத் தட்டோடு என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, நீங்களும் அடிச்சிட்டீங்களாம். எவ்வளவு தேறிச்சு?"

"நாலு அண்டாவும் ஒரு அகப்பையும்," என்றேன்.

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. காசை எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டுப் பஞ்சம் கொட்டுகிறோம் என்று அவருக்கு நினைப்பு. அவருக்கு மட்டுமில்லை. அந்த மேசையில் இருந்த எல்லாருக்கும்.

நடந்தது இதுதான். கனடாவில், ஸ்காபரோவில் நானும் இவரும் ஒரு சாப்பாட்டுக் கடை வைத்திருந்தோம். ரோல்ஸ், கொத்து, மத்தியானச் சோறு. கடைக்கு முன்னால் ரோட்டைக் கிண்டினார்கள். கிண்டிக் கிண்டி ஆண்டுக் கணக்கில் கிண்டினார்கள். கார் நிறுத்த இடமில்லை. சனம் வரவில்லை. வாடகை மட்டும் வந்துகொண்டிருந்தது. வாடகையைக் கிறெடிற் கார்டில் கட்டினேன். ஒரு கார்டுக்கு இன்னொரு கார்டால் கட்டினேன். பிறகு கட்ட ஏலவில்லை. ரோட்டைக் கிண்டினவர்களுக்குச் சம்பளம் கிடைத்தது. எங்களுக்குப் பாங்க்ரப்சி கிடைத்தது.

அதைப் பார்க்கவென்று லைசன்ஸ் உள்ள ஒருவர் இருந்தார். எங்கள் கார்டுகளை மேசையில் வைக்கச் சொன்னார். கத்தரிக்கோலால் வெட்டினார். மரியாதையான மனிதர். மாதம் மாதம் அவருக்குக் காசு கட்டினோம். ஒன்பது மாதத்தில் கடிதம் வந்தது. இனி ஒருவருக்கும் நீங்கள் கடன் இல்லை என்று இருந்தது. நல்லது என்று நினைத்தேன். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. நாங்கள் வாடகைக்கு இருந்தது ஒரு பேஸ்மென்ற். பக்கத்துக் கதவால் நுழைந்து கீழே இறங்க வேண்டும். செங்குத்துப் படி. நடுவில் ஒரு திருப்பம். இவருக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது. முப்பது வருடம் அடுப்படியில் நின்ற கால். ஒருநாள் திருப்பத்தில் விழுந்தார். கையில் இருந்த பால் பையும் விழுந்தது. பை உடைந்து பால் ஓடியது. "பால் போச்சு," என்றார்.

ஒப்பரேசனுக்கு எழுதினார்கள். முதலில் ஒரு கால், பிறகு மற்றது. ஆஸ்பத்திரியில் ஒரு பெண் கேட்டாள், வீட்டில் படி இருக்கிறதா என்று. நான் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். இந்தப் படியில் இவரை அனுப்ப மாட்டோம் என்றாள்.

லிஃப்ற் உள்ள அபார்ட்மென்ற் ஒன்று வேண்டும். இவ்வளவுதான் எனக்குத் தேவை. மாளிகை இல்லை.

பஸ் போகிற வழியில் ஒரு உயர்ந்த கட்டடம் இருந்தது. அங்கே இருந்த ஒபிஸில் கேட்டேன். வீடு இருக்கிறது என்றார்கள். என் சம்பளக் கடிதத்தைப் பார்த்தார்கள். நகரத்துக்கு மேற்கே மிசிசாகாவில், விமானத்துக்குச் சாப்பாடு அடைக்கிற இடத்தில் வேலை. ஒழுங்கான வேலை. பிறகு அந்தப் பெண் கொம்பியூட்டரில் என் பெயரைத் தட்டினாள். முகம் மாறியது. கடன் கட்டுகிற ஒழுங்குக்குப் போடுகிற நம்பர், என் கிறெடிற் ஸ்கோர், போதாதாம். குறைந்தது அறுநூற்றைம்பது வேண்டுமாம். ஒரு கார்ட் எடுத்துப் பாவித்து நம்பரை ஏற்றிக்கொண்டு வாருங்கள் என்றாள்.

கார்டால்தான் விழுந்தேன். எழும்புவதற்கும் கார்ட் வேண்டுமாம்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது கணக்குப் பார்த்தேன். இருபது வருடமாகச் சீட்டுக் கட்டுகிறேன். சீட்டுப் பிடிக்கிற அக்காவிடம் கேளுங்கள். ஒரு மாதமும் பிந்தவில்லை. கடை பூட்டின மாதமும் கட்டினேன். அந்த இருபது வருடத்துக்கு ஒரு நம்பரும் இல்லை. அது கொம்பியூட்டரில் இல்லையாம்.

மகள் கிழக்கே தள்ளி விட்பியில் இருக்கிறாள். அவளுக்குச் சொன்னேன்.

"அம்மா, ஜஸ்ட் லிஸின். என்ரை கார்டிலை உங்கட பேரையும் போடுறன். இல்லாட்டி நான் கோ-சைன் பண்ணுறன். சிம்பிள்."

"வேண்டாம்."

"ஏன் வேண்டாம்?"

"உங்களுக்கு மோட்கேஜ் இருக்கு. உன்ரை பேரை நான் தொடமாட்டன்."

"அம்மா, யூ ஆர் ஸோ ஸ்ரபர்ன்."

"ஓம்," என்றேன்.

மற்றவரின் கடனுக்குக் கையெழுத்து வைத்துக் கெட்டவர்களைக் கண்டிருக்கிறேன். அண்ணன் தம்பி கதைக்காமல் போயிருக்கிறார்கள். மருமகன் நல்ல பிள்ளை. நல்ல பிள்ளையாகவே இருக்கட்டும்.

கார்ட் தேடப் புறப்பட்டேன்.

முதலில் தேடாமலே வந்தது. தமிழ்ச் சாமான் கடை இருக்கிற பிளாசாவில் ஒரு மேசை போட்டிருந்தார்கள். ஒரு பெடியன். கழுத்தில் அட்டை. வெளியே நல்ல மழை.

"அன்ரி, கார்ட் ஒண்டு எடுங்கோ. ஃப்ரீ. குடையும் ஃப்ரீ."

"எனக்குத் தரமாட்டினம் தம்பி."

"ஆருக்கும் குடுப்பம் அன்ரி. இந்தாங்கோ, முதல் குடையைப் பிடியுங்கோ."

பிடித்தேன். நல்ல குடை, நீலம். பெயர், பிறந்த திகதி, வேலை எல்லாம் கேட்டுக் கையில் இருந்த பலகைக் கொம்பியூட்டரில் தட்டினான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு என்னைப் பார்க்கவில்லை.

"அன்ரி, உது இப்ப எடுக்குதில்லை."

"பரவாயில்லை."

நான் திரும்பினேன். பின்னால் கூப்பிட்டான்.

"அன்ரி... குடை."

"என்ன குடை?"

"அப்ரூவ் ஆனாத்தான் குடை. கணக்குக் குடுக்க வேணும் அன்ரி. குறை நினைக்காதேங்கோ."

மடித்துக் கொடுத்தேன். மரக்கறிப் பையைத் தலையில் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன். அந்தப் பெடியனில் எனக்குக் கோபம் இல்லை. அவனுக்கு எண்ணித்தான் குடை கொடுத்திருப்பார்கள். எண்ணிக் கொடுத்தவர்களில்தான் கோபம்.

இரண்டாவது, கிறெடிற் திருத்துகிறவர். தமிழ் ரேடியோவில் நாள் முழுக்க அவருடைய விளம்பரம் போகும். நகைக்கடைக்கு மேலே ஒபிஸ். சுவர் முழுக்கப் படம். எல்லாப் படத்திலும் யாராவது பெரிய ஆளோடு கை குலுக்கிக்கொண்டு நின்றார்.

"அக்கா, கவலையை விடுங்கோ. ஆறு மாசத்திலை உங்கட ஸ்கோர் எண்ணூறு."

"பாங்க்ரப்சி இருக்கு."

"அதை அழிச்சுப் போடுவம்."

"அழிக்கலாமோ?"

"எங்களுக்கு வழி இருக்கு அக்கா. முதல் இந்தக் கார்டை எடுங்கோ. டெபொசிற் ஒண்டும் வேண்டாம்."

"எவ்வளவு தருவினம்?"

"முந்நூறு லிமிற். அதிலை வருசக் காசு, திறக்கிற காசு, எங்கட சேவைக் காசு கழிச்சு மிச்சம் உங்களுக்கு."

"மிச்சம் எவ்வளவு?"

அவர் பேனையைத் தட்டினார். "ஒரு அறுபது எழுபது வரும்."

"நான் எடுக்க முதலே நீங்கள் எடுத்துப் போடுறீங்கள்."

"அது ப்ரோசெஸிங் அக்கா."

"எழுபது டொலரை எடுத்துக்கொண்டு முந்நூறு கட்ட வேணும்."

"ஸ்கோருக்காகத்தானே அக்கா."

எழும்பினேன். கதவடியில் இன்னொரு சோடி காத்துக்கொண்டு இருந்தது. இளம் ஆட்கள். அந்தப் பெண்ணின் மடியில் குழந்தை. "போகாதேங்கோ," என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அது இன்னும் மனதில் நிற்கிறது. விழுந்த ஆட்களைச் சுற்றி எவ்வளவு பேர் பிழைக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். அதுவும் எங்கட ஆட்கள். எங்கட பாசையிலேயே அக்கா, அன்ரி என்று கூப்பிட்டுக்கொண்டு.

மூன்றாவது பாங்க். சம்பளம் போகிற பாங்க். அங்கே தமிழ்நாட்டுப் பிள்ளை ஒன்று இருந்தது. வந்து இரண்டு மூன்று வருடம் இருக்கும்.

"ஆன்ட்டி, உங்களுக்குன்னே ஒரு கார்டு இருக்கு. நீங்க ஐந்நூறு டாலர் டெபாசிட் போடணும். அதே ஐந்நூறு உங்க லிமிட்."

"ஐந்நூறு தந்தால் ஐந்நூறு எடுக்கலாம்."

"கரெக்ட் ஆன்ட்டி."

விளங்கியது. சீட்டு மாதிரி. முதலில் கட்ட வேணும், பிறகு எடுக்க வேணும். இதில் என்ன இருக்கிறது? இருபது வருடமாக நான் செய்கிறதுதானே. கையெழுத்து வைத்தேன். ஐந்நூறு டொலர் கொடுத்தேன். இரண்டு கிழமையில் கார்ட் வந்தது.

இவருக்கு ஒப்பரேசன் கிட்டியது. குளிக்கிற கதிரை ஒன்று வேண்டும். பிடித்து நடக்கிற சட்டம் வேண்டும். கக்கூசுக்கு உயர்த்திப் போடுகிறது ஒன்று. எல்லாம் அந்தக் கார்டில் வாங்கினேன். ஐந்நூறு முடிந்தது. என் காசு, என் புருசனின் காலுக்கு முடிந்தது. சரி என்று இருந்தேன்.

முதல் கால் முடிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே விட்பிக்குத்தான் கொண்டுபோனார்கள். மகளின் வீட்டில் கீழேயும் ஒரு கக்கூஸ் இருக்கிறது. முன் ஹோலில் கட்டில் போட்டார்கள். விட்பியில் இருந்துகொண்டு மிசிசாகா வேலைக்கு நான் போக முடியாது. வேலையை விட்டால் வீடும் எடுக்க முடியாது. அவர் அங்கே, நான் பேஸ்மென்றில். ஞாயிற்றுக்கிழமை ரயிலில் போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

கலியாணம் முடித்த நாளிலிருந்து நாங்கள் அப்படிப் பிரிந்து இருந்ததில்லை. போன் எடுப்பார்.

"சாப்பிட்டனியோ?"

"ஓம். நீங்கள்?"

"பாஸ்தா."

பிறகு வைப்பார்.

கார்ட் பில் வந்திருந்தது. எடுத்ததற்குக் கணக்குக் காட்டுகிறார்கள் என்று நினைத்தேன். அடுத்த மாதமும் வந்தது. நான் கட்டவில்லை. ஏன் கட்ட வேண்டும்? நான்தானே முதலில் கட்டினேன்.

ஒருநாள் வேலை இடத்தில் போன் வந்தது. இங்கிலீசில் ஒரு ஆண் குரல். இரண்டு மாதம் பிந்திவிட்டீர்கள் என்றது. அந்தக் குரல் எனக்குத் தெரியும். ஆளைத் தெரியாது. கடை பூட்டின காலத்தில் கடன் கேட்டு நாள் முழுக்க வந்த குரல் அதுதான். பெட்டியில் அடைத்த சோற்றை மூடாமலே விட்டுவிட்டேன். பக்கத்தில் நின்றவ மூடினா.

அடுத்த நாள் பாங்குக்குப் போனேன். அதே பிள்ளை.

"ஆன்ட்டி, டெபாசிட் வந்து செக்யூரிட்டி மட்டும்தான். நீங்க செலவு பண்ணினதை மாசாமாசம் கட்டணும்."

"என்ரை ஐந்நூறு எங்கை?"

"எங்ககிட்டதான் இருக்கு."

"அதுக்கு வட்டி தாறீங்களோ?"

"இல்ல ஆன்ட்டி."

"நான் எடுத்ததுக்கு வட்டி கேக்கிறீங்கள்."

"ஆமா."

"அப்ப என்ரை காசை எனக்கே வட்டிக்குத் தந்திருக்கிறீங்கள்."

பிள்ளை ஸ்கிரீனைப் பார்த்தது. நான் சத்தம் போடவில்லை. எனக்குச் சத்தம் போட வராது. ஆனால் பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"சீட்டு எண்டால் இப்படி இல்லை, பிள்ளை. கட்டினவளிட்டை ஒருத்தரும் வட்டி கேக்கமாட்டினம்."

"புரியுது ஆன்ட்டி. எங்க ஊர்லயும் சீட்டு உண்டு." குரலைத் தணித்தது. "நான் இங்க வந்தப்போ எனக்கும் இதே கார்டுதான் குடுத்தாங்க. நான் இந்த பேங்க்ல வேலை செய்யறேன், எனக்கே டெபாசிட் கேட்டாங்க."

அதன் மேசையில் ஒரு சின்னத் தண்ணீர்ப் போத்தலும் ஒரு பிள்ளையார் படமும் இருந்தன. அதுவும் என்னை மாதிரி வந்த ஆள்தான்.

பிறகு அந்தப் பிள்ளை எனக்குச் சொல்லித் தந்தது. முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியது. சின்னச் சாமான் ஒன்றுதான் வாங்க வேண்டும். பில் வந்தவுடன் முழுதும் கட்ட வேண்டும். லிமிற்றுக்குக் கிட்டவும் போகக் கூடாது.

"பில் வர முதலே கட்டினால்?"

"கட்டலாம். ஆனா ஸீரோன்னு காட்டினா நீங்க கார்டே யூஸ் பண்ணாத மாதிரி இருக்கும். பில்லுல கொஞ்சம் இருக்கட்டும்."

கடன் கனக்க இருந்தால் நம்பமாட்டார்கள். கடனே இல்லாவிட்டாலும் நம்பமாட்டார்கள். கொஞ்சக் கடன் இருக்க வேண்டும். அது எந்த ஊர் நியாயம் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. விளங்காமலே செய்தேன்.

அந்த ஐந்நூறையும் வட்டியையும் மேலதிக வேலை செய்து கட்டினேன். பிந்தின இரண்டு மாதமும் என் பெயரில் விழுந்துவிட்டது. இருந்த நம்பரும் இறங்கியது. ஒபிஸ் பெண்ணிடம் போகவில்லை. போய் என்ன.

அன்றைக்குப் பின்னேரம் இவருக்குப் போன் எடுத்தேன்.

"இன்னும் கொஞ்ச நாள் ஆகும்," என்றேன்.

"ஆகட்டும்."

"பிழை விட்டிட்டன்."

"நீ பிழை விடேல்லை. அவையள் சொல்லேல்லை."

இவர் அதிகம் கதைக்கிற ஆள் இல்லை. அதுவே பெரிய கதை.

அதன்பிறகு அந்தக் கார்டில் பால் மட்டும் வாங்கினேன். கிழமைக்கு ஒரு பை. வேறு ஒன்றும் இல்லை. கடைக்காரப் பெடியன் கேட்டான், "அன்ரி, ஆறு டொலருக்கும் கார்டோ?" ஓம் என்றேன். அவன் பின்னால் நின்றவரைப் பார்த்துச் சிரித்தான். சிரிக்கட்டும். பில் வரும். அன்றைக்கே கட்டுவேன். வேலை முடிந்து கால் வீங்கியிருந்தாலும் பாங்க் மெசினுக்குப் போய்க் கட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். போனில் கட்டலாம் என்று மகள் சொன்னாள். எனக்குக் கையால் கட்ட வேணும். கட்டினதுக்குத் துண்டு வர வேணும்.

ஒரு மாரி, பனிக்காலம் முழுக்க, அப்படிப் போனது. மற்றக் காலும் ஒப்பரேசன் ஆனது. ரயிலால் இறங்கி விட்பியில் மகளின் காருக்கு நிற்கிறபோது காற்று முகத்தை வெட்டும். இவர் முன் ஹோலில் ஜன்னலடியில் இருப்பார். பேரப்பிள்ளைகள் ரிவி பார்ப்பார்கள். அவர் ரிவியும் பார்ப்பதில்லை. ரோட்டைப் பார்ப்பார். ஒரு ஞாயிறு, நான் வெளிக்கிடுகிற நேரம், சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கதவடியில் நின்றார்.

"எங்கை போறீங்கள்?"

"உன்னோடை."

"படி இருக்கு."

"தெரியும்."

பிறகு குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். குனிய அவருக்கு நேரம் எடுத்தது. மருமகன் சமையலறைக்குள் போய்விட்டார். அன்றைக்கு ரயிலில் எனக்கு வந்த கோபம் மாதிரி வாழ்க்கையில் வந்ததில்லை. ஒரு நம்பர். கண்ணால் காணாத ஒரு நம்பர் ஒரு மனிதனைச் சப்பாத்துக் கழற்ற வைக்கிறது. நாங்கள் களவெடுக்கவில்லை. ஒருவரையும் அடிக்கவில்லை. கடை வைத்தோம், ரோல்ஸ் விற்றோம்.

கோடை வந்தது. பாங்குப் பிள்ளை கொம்பியூட்டரில் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டியது. போங்க ஆன்ட்டி, போய்க் கேளுங்க என்றது. அபார்ட்மென்ற் ஒபிஸுக்குப் போனேன். அந்தப் பெண்ணே இருந்தாள். தட்டினாள். பாங்க்ரப்சி இன்னும் தெரிகிறது என்றாள். அது போக ஆறு வருடம் வேண்டும் என்றாள். தெரியும் என்றேன். பிறகு நம்பரைப் பார்த்தாள். கேட்டதற்கு மூன்று கூட இருந்தது. மூன்று.

"முதல் மாத வாடகையும் கடைசி மாத வாடகையும் இப்பவே கட்ட வேணும்," என்றாள்.

சீட்டுப் பிடிக்கிற அக்காவுக்கு ஒபிஸ் வாசலிலிருந்தே போன் எடுத்தேன்.

"அக்கா, இந்த மாசம் சீட்டை நான் எடுக்கட்டோ?"

"எடு. கழிவு சொல்லி ஏலம் கேக்கிறதுக்கு வேறை ஒருத்தரும் இல்லை. என்னத்துக்கு?"

"வீட்டுக்கு."

"எப்ப வேணும்?"

"இப்ப."

"வாறன்," என்றா. அரை மணித்தியாலத்தில் வந்தா. காரை நிறுத்தாமலே கண்ணாடியை இறக்கி உறையை நீட்டினா. என்னிடம் ஒரு நம்பரும் கேட்கவில்லை.

நாலாம் மாடி. இரண்டு லிஃப்ற்றில் ஒன்றுதான் வேலை செய்தது. அது போதும். மருமகன் இவரைக் கொண்டுவந்து இறக்கினார். இவர் தடி பிடித்து உள்ளே வந்தார். சமையலறையைத் திறந்து பார்த்தார். அடுப்பைத் திருகிப் பார்த்தார். "நெருப்பில்லை, கரண்ட்," என்றார். அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் கடிதப் பெட்டியில் ஒரு உறை. குடையைத் திருப்பி வாங்கினார்களே, அவர்கள். உங்களைத் தெரிவு செய்திருக்கிறோம், கார்ட் தயார் என்று எழுதியிருந்தது. இவர் எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"எடுப்பமோ?"

"குடை தருவினமோ எண்டு கேளுங்கோ."

இவர் சிரித்தார். சிரித்துச் சிரித்து முழங்காலைப் பிடித்தார். அந்தக் கடிதத்தை நாலாக மடித்து ஆடுகிற மேசைக் காலுக்குக் கீழே வைத்தேன்.

என் ஐந்நூறு டொலர் இன்னும் பாங்கில்தான் இருக்கிறது. வட்டி இல்லாமல். கேட்டால் இன்னும் கொஞ்சக் காலம் என்கிறார்கள். கேட்டுக்கொண்டேதான் இருப்பேன்.

அந்தக் கடிதம் வந்த அன்று பின்னேரம் இவர் சப்பாத்தைப் போட்டார். தனியே கடைக்குப் போய் வருகிறேன் என்றார். கார்டை எடுத்துக் கொடுத்தேன்.

"பால் மட்டும்," என்றேன்.